ஏறினால் மட்டும் போதுமா?



திட்டக்குடி போன்ற சிற்றூர்களிலும் இப்போது உயரமான பெரிய வண்டிகள் பெருகிவிட்டன. வளைகுடா நாடுகளில் ஆண்டுக்கணக்கில் உழைத்துத் திரும்பும் நம் பிள்ளைகள், வீட்டுக்கு அடுத்தபடியாக வாங்க விரும்புவது இவற்றைத்தான். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால், "இந்த வண்டி எங்கும் போகும்" என்று அவர்கள் பெருமையோடு கூறும்போது, நான் கண்ட ஒரு கணவாயைப் பற்றிச் சொல்லத் தோன்றும். அதையே உங்களிடமும் சொல்கிறேன்.

2023ஆம் ஆண்டு மே மாத விடுமுறையில் என் சகோதரியின் குடும்பத்தாருடன் காஷ்மீர் சென்றிருந்தேன். ஸ்ரீநகரிலிருந்து கார்கில் செல்லும் வழியில் ஜோஜி லா கணவாய் இருக்கிறது. உயரம் சுமார் 3,500 மீட்டர். ஒரு புறம் செங்குத்தான மலை. மறுபுறம் அதல பாதாளம். நமக்குக் கத்திரி வெயில் காயும் மாதத்தில் அங்கே சாலையோரம் பனி சுவராக நிற்கிறது. பகலில் உருகி வழியும் நீர் மண்ணைச் சேறாக்குகிறது. இரவில் அதுவே கண்ணாடிபோல் உறைந்துவிடுகிறது.

நாங்கள் சென்ற வாடகை வண்டி நான்கு சக்கரங்களும் இழுக்கும் வகையைச் சேர்ந்தது. காலையில் மெல்லிய பனி தூவத் தொடங்கியதும், ஓட்டுநரான காஷ்மீர்ப் பெரியவர் வண்டியை ஓரங்கட்டினார். இரும்புச் சங்கிலிகளை எடுத்துச் சக்கரங்களில் பொறுமையாகக் கட்டலானார். ரியாத்தில் பல ஆண்டுகள் பெரிய வண்டி ஓட்டிய என் மருமகனுக்கு அது வியப்பாயிருந்தது. "மாமா, நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டிக்குச் சங்கிலி எதற்கு என்று கேளுங்கள்" என்றான். நான் உருதுவில் கேட்டேன். பெரியவர் நிமிராமலே பதில் சொன்னார்: "மவ்லானா ஸாஹிப், ஏறுவதற்கு இஞ்சின் இருக்கிறது. நிற்பதற்கு என்ன இருக்கிறது?"

அந்த ஒரு வினாவில் முழுப் பாடமும் அடங்கியிருந்தது. நான்கு சக்கரங்களுக்கும் இஞ்சினின் விசை செல்வதால் வழுக்கும் தரையில் வண்டி எளிதாகப் புறப்படும், மேடும் ஏறும். ஆனால் பிரேக் எல்லாக் கார்களிலும் நான்கு சக்கரங்களுக்கும்தான் இருக்கிறது. பனியின்மேல் நிற்பதற்கும் திரும்புவதற்கும் டயரின் பிடிப்பு ஒன்றே துணை. பெரிய வண்டிக்கு எடையும் அதிகம். சறுக்கத் தொடங்கிவிட்டால் அந்த எடையே பகையாகிவிடும். ஒட்டகத்தைக் கட்டிய பிறகே இறைவன்மீது பொறுப்புச் சாட்ட வேண்டும் என்ற நபிமொழியைப் பிள்ளைகளுக்குப் பலமுறை நடத்தியிருக்கிறேன். அதன் பொருள் அன்று இரும்புச் சங்கிலியின் வடிவில் கண்முன் கிடந்தது.

பெரியவர் தாழ்ந்த கியரில், ஆக்சிலேட்டரை மெல்ல மிதித்து ஏறினார். முன்னே சென்ற வண்டிக்கும் எங்களுக்கும் இடையே முப்பது அடி எடுத்து வைக்கும் தூரம் விட்டிருந்தார். பின்னால் வந்தவர்கள் ஒலியெழுப்பி அவசரப்படுத்தினார்கள், அவர் பொருட்படுத்தவில்லை. ஒரு வளைவில் முன்வண்டியின் சக்கரங்கள் சேற்றுப் பனியில் சுழன்றன. ஓட்டிய இளைஞர் பதறி ஆக்சிலேட்டரை அழுத்த அழுத்த, அது மேலேறாமல் எங்களை நோக்கிப் பின்னுக்குச் சறுக்கியது. என் சகோதரி கலிமா சொல்லத் தொடங்கிவிட்டார். மலைப்புறத்து மண்ணில் மோதி அந்த வண்டி நின்றபோது, எங்களுக்கும் அதற்கும் இடையே பத்தடி தூரம்கூட இல்லை. விட்டுவைத்த அந்த இடைவெளிதான் இரு குடும்பங்களைக் காத்தது.

வரலாறு படித்தவன் என்பதால் அந்த வளைவில் இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. 1948 நவம்பர் 1ஆம் நாள் இதே கணவாயில் ஜெனரல் திம்மையாவின் தலைமையில் இந்திய டாங்கிகள் ஏறின. அவ்வளவு உயரத்துக்கு டாங்கி வரும் என்று எதிரணியினர் எதிர்பார்க்கவில்லை. கோவேறு கழுதைகள் நடந்த தடத்தை டாங்கி ஏறும் பாதையாக மாற்றியவர்கள், 'தம்பிகள்' என்று அன்போடு அழைக்கப்படும் மெட்ராஸ் சாப்பர்ஸ் படையினர். பனியையே அறியாத தென்னாட்டுப் பிள்ளைகள்! வண்டியின் வல்லமையைப் பேசுவோர், அதற்குப் பாதை வெட்டிய கைகளையும் நினைக்க வேண்டும்.

ஆயத்தமின்றிப் பனியில் சிக்கினால் என்னவாகும் என்பதற்குச் சான்று தொலைவில் இல்லை. 2022 ஜனவரியில் பாகிஸ்தானின் முர்ரீ மலைநகருக்குப் பனி பார்க்கச் சென்றவர்களின் வண்டிகள் சாலையிலேயே புதைந்தன. 20க்கும் மேற்பட்டோர் ஓர் இரவில் மாண்டனர். குழந்தைகளும் அவர்களில் அடக்கம். குளிருக்காக இஞ்சினை ஓடவிட்டுக் கதவுகளை மூடிக்கொள்ளும்போது, வெளியே புகைக்குழாயைப் பனி அடைத்துவிட்டால், மணமற்ற கார்பன் மோனாக்சைடு உள்ளே நிறைந்துவிடும். உறங்குவோர் விழிப்பதில்லை. எனவே பனியில் சிக்கியோர் அடிக்கடி இறங்கிப் புகைக்குழாயைச் சுற்றிப் பனியை அகற்ற வேண்டும்; ஜன்னலைச் சிறிது திறந்துவைக்க வேண்டும்; இஞ்சினை விட்டுவிட்டுத்தான் இயக்க வேண்டும்.

"நம் ஊரில் பனி ஏது?" என்று நீங்கள் கேட்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் பகுதிக் களிமண் பாதைகள் பனிக்குச் சற்றும் இளைத்தவை அல்ல. தரைப்பாலத்தின்மேல் ஓடைநீர் புரளும்போதும் இதே கதைதான். முழங்கால் அளவு நீர்கூட வேகமாக ஓடினால் பெரிய வண்டியையும் நகர்த்திவிடும். நீருக்கடியில் பாலம் இருக்கிறதா, அரித்துச் சென்றுவிட்டதா என்பதும் தெரியாது.

என் மருமகன் இப்போது ஊரோடு வந்துவிட்டான். பெரிய வண்டியும் வாங்கிவிட்டான். சென்ற மழைக்காலத்தில் ஒரு திருமணத்துக்குப் புறப்பட்டோம். வழியில் தரைப்பாலத்தின்மேல் வெள்ளம். "நிக்காஹ் நேரம் தவறிவிடும், நம் வண்டி போய்விடும்" என்று பின்னிருக்கையில் ஆளுக்கொன்று பேசினார்கள். அவன் இறங்கிச் சிறிது நேரம் நீரைப் பார்த்தான். பிறகு மறுபேச்சின்றி வண்டியைத் திருப்பிப் பெண்ணாடம் வழியே சுற்றிக்கொண்டு போனான். நிக்காஹ் முடிந்திருந்தது; விருந்து கிடைத்தது.

வாசகர்களே, உங்கள் பிள்ளைகள் வண்டி வாங்கும்போது அது எவ்வளவு தூரம் ஏறும் என்று கேளுங்கள். எங்கே நிறுத்தித் திரும்ப வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள்.