துணை நிற்பவர்கள்

நகைச்சுவைக் காட்சிகளை மட்டுமே நாள் முழுவதும் ஒளிபரப்பும் ஆதித்யா போன்ற தொலைக்காட்சிகள் இன்று நம் இல்லங்களில் ஓடிக்கொண்டிருக்கின்றன. பங்கு மக்களின் வீடுகளைச் சந்திக்கச் செல்லும்போது நானும் சிறிது நேரம் அவற்றின் முன் அமர நேர்வதுண்டு. அப்போதெல்லாம் ஒரு விந்தை கண்ணில் படும். அன்று சுவரொட்டிகளில் முகம் நிறைய நின்ற கதாநாயகன் இங்கே வழிப்போக்கனைப்போல் வந்து போகிறான். அவனுக்குத் துணையாக வந்தவர்களே ஆட்சி செய்கிறார்கள். படத்தின் கதையை மறந்துவிட்டவர்கள்கூட அவர்களுடைய முகத்தை மறப்பதில்லை.

இதைப் பற்றிச் சிந்திக்கக் கொங்கு நாட்டவராகிய நமக்குத் தனி உரிமை உண்டு. தாராபுரத்தில் பிறந்த நாகேஷ், உடுமலைப்பேட்டைப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து வந்த கவுண்டமணி, சூலூர் மணிவண்ணன், ஊரின் பெயரையே தம் பெயருக்கு முன் சூட்டிக்கொண்ட கோவை சரளா ஆகிய அனைவரும் இம்மண்ணின் மக்களே. நம் சிங்காநல்லூரில் முன்னாளில் சென்ட்ரல் ஸ்டுடியோ இருந்ததை முதியோர் அறிவர். 1944-ல் வெளிவந்த ‘ஹரிதாஸ்’ அங்கே உருவான படம். தியாகராஜ பாகவதரின் பாட்டுக்காகக் கூட்டம் திரண்ட அப்படத்திலும் என்.எஸ். கிருஷ்ணனும் டி.ஏ. மதுரமும் தமக்கென ஓர் இடத்தைப் பெற்றிருந்தனர்.

துணைப் பாத்திரங்கள் தலைமைப் பாத்திரங்களை விஞ்சுவது எதனால்? ஒரு காரணம் வெளிப்படையானது. கதாநாயகனுக்குக் கட்டுப்பாடுகள் மிகுதி. அவன் அழகாகத் தோன்ற வேண்டும், அஞ்சக் கூடாது, இறுதியில் வென்றாக வேண்டும். துணைவனுக்கோ அத்தகைய தளைகள் இல்லை. அவன் அஞ்சலாம், பொறாமைப்படலாம், சோற்றுக்கு ஆசைப்படலாம். நாம் எவ்வாறு இருக்க விரும்புகிறோமோ அதைக் கதாநாயகன் காட்டுகிறான். நாம் எவ்வாறு இருக்கிறோமோ அதைத் துணைவன் காட்டுகிறான்.

எனினும் இதனினும் ஆழமான காரணம் ஒன்று உண்டு என்பது என் எண்ணம். 1964-ல் ஸ்ரீதர் இயக்கிய ‘காதலிக்க நேரமில்லை’ நம் ஆழியாற்றுப் பகுதியில் படமாக்கப்பட்டது. அதில் காதலர்களாக வருவோர் ரவிச்சந்திரன், முத்துராமன், காஞ்சனா, ராஜஸ்ரீ. ஆயினும் படத்தின் பெயரைச் சொன்னவுடன் மனக்கண் முன் வருவது, படம் எடுக்கும் ஆசை கொண்ட செல்லப்பாவாகிய நாகேஷ் தம் தந்தையாகிய பாலையாவிடம் திகில் கதை சொல்லும் காட்சியே. கதை சொல்பவர் ஓசை எழுப்புகிறார், கைகளை ஆட்டுகிறார், கண்களை உருட்டுகிறார். பாலையாவோ பெரும்பாலும் கேட்டுக்கொண்டே இருக்கிறார். ஆனால் அச்சம் சிறிது சிறிதாக அவர் முகத்தில் ஏறுவதைக் கண்டுதானே நாம் சிரிக்கிறோம்! அவர் அவ்வாறு கேட்டிராவிடில் நாகேஷின் திறமை பாதியாகியிருக்கும். 1989-ல் வந்த ‘கரகாட்டக்கார’னின் வாழைப்பழக் காட்சியிலும் இதே நிலைதான். செந்தில் அமைதியாக நிற்பதனால் அல்லவா கவுண்டமணியின் சினம் நமக்குச் சிரிப்பாகிறது? ஆக, இவர்கள் பிறரைத் தள்ளிவிட்டு ஒளி பெற்றவர்கள் அல்லர். எதிரே நிற்பவரைத் தாங்கி நின்றே ஒளி பெற்றவர்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பங்கின் ஆண்டுவிழா நாடகத்துக்குப் பாத்திரங்களைப் பகிர்ந்தளித்தபோது, கதாநாயகனின் நண்பனாக நடிக்கவேண்டிய இளைஞர் தாளைத் திருப்பித் தந்தார். “ஏனுங்க சாமி, நாலு வரிக்கு ஒரு ஆளு வேணுங்களா? வேற யாரையாச்சும் போட்டுக்குங்க” என்றார். சற்று நேரம் கழித்து, “வீட்லயும் நான் அப்படித்தானுங்க” என்று மெல்லச் சொன்னார். அவருடைய அண்ணன் வெளிநாட்டில் பொறியாளர். வீட்டுக்கு வருவோர் அனைவரும் அண்ணனைப் பற்றியே விசாரிப்பார்கள். தம்பியோ லேத் பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டு, நோயுற்ற தந்தையை வாரந்தோறும் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று வந்தவர்.

நான் அவரிடம் பாலையாவின் அந்தக் காட்சியைப் பற்றிச் சொன்னேன். “கேக்கறதுகூட நடிப்புங்களா சாமி?” என்றார். “பாதி நடிப்பு அதுதான் தம்பி” என்றேன். தாளை மீண்டும் வாங்கிக்கொண்டார். நாடக நாளன்று கதாநாயகன் நீண்ட உரை ஒன்றைப் பேசினான். அதுவரை சலசலத்துக்கொண்டிருந்த கூட்டம், அதைக் கேட்டு நின்ற நண்பனின் முகத்தைப் பார்த்து அமைதியாயிற்று. கைதட்டல் கதாநாயகனுக்கே கிடைத்தது. முன்வரிசையில் நாற்காலியில் இருந்த தந்தை மட்டும் தம் மகனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

துணைவர் இன்றிக் கதை சிறக்காது என்பது போலவே, கதை இன்றித் துணைவரும் நிற்க இயலாது. கதையிலிருந்து பிய்த்தெடுத்த காட்சிகளைத் தொலைக்காட்சியில் ஒரு மணி நேரம் தொடர்ந்து பார்த்தால் சிரிப்பும் சலித்துவிடுகிறது. யாருக்குத் துணையாக அவர் வந்தார் என்பது தெரியும்போதுதான் அவருடைய அருமை தெரிகிறது. நாகேஷ் அதே 1964-ல் ‘சர்வர் சுந்தரம்’ படத்தில் தலைமைப் பாத்திரமும் ஏற்று வென்றவர். அதன் பின்னும் பிறர் கதைகளில் துணையாக நிற்க அவர் தயங்கவில்லை. முப்பது ஆண்டுகள் கழித்து, ‘நம்மவர்’ படத்தில் மகளை இழந்து கலங்கும் தந்தையாக நடித்தமைக்காகச் சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருது அவருக்குக் கிடைத்தது.

நம் குடும்பங்களிலும் இத்தகையோர் உண்டு. தம்பி தங்கையரைப் படிக்க வைத்துவிட்டுத் தாம் மில் வேலையோடு நின்றுவிட்ட அண்ணன், பிறர் பிள்ளைகளை வளர்த்துவிட்ட அத்தை, பெருமை பேசுவோர் நடுவே காப்பித் தம்ளர்களுடன் வந்து போகும் மருமகள். திரையில் துணை நிற்பவரை நாம் உடனே இனங்கண்டு மகிழ்கிறோம். வீட்டில் அவர்களைக் காண்பதற்கு மட்டும் ஏன் இத்தனை காலம் ஆகிறது? இன்று மாலை தொலைக்காட்சியின் முன் அனைவரும் அமர்ந்து சிரிக்கும்போது, இன்னும் வந்து அமராதவர் யார் என்று ஒருமுறை திரும்பிப் பாருங்கள். அவரைப் பெயர் சொல்லி அழைத்து, அருகில் இடம் கொடுங்கள்.