கேட்பதற்கு ஓரிடம்

வறுமை என்றதும் பசியையும் கந்தலையுமே நினைக்கும் பழக்கம் நம்மிற் பலருக்கு இன்னமும் உண்டு. ஆனால் இக்காலத்து வறுமை ஏழையின் வாசலுக்குப் பெரும்பாலும் ஒரு கடதாசியின் உருவிலேயே வந்து சேர்கின்றது. உதவிப்பணம் நிறுத்தப்பட்டதென்று ஒரு கடிதம். கடன் தவணை தவறியதென்று ஓர் அறிவித்தல். காணிக்கு உறுதி எங்கேயென்று ஒரு கேள்வி. காணாமற் போன மகனுக்காக நிரப்ப வேண்டிய ஒரு படிவம். இவற்றைக் கையிலேந்தி நிற்பவர் முதலிற் கேட்பது, 'இதில் என்ன எழுதியிருக்கின்றது?' என்பதே. அக்கேள்விக்குக் கூலி வாங்காது, உள்ளதை உள்ளபடி எடுத்துரைக்கும் இடங்கள் எமது ஊர்களில் எத்தனை உண்டு?

இந்நாட்டில் 1945 இல் இலவசக் கல்வி வந்தது. நோயாளி ஒருவர் அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் காசின்றிச் செல்லலாம். சட்டத்தாலும் படிவத்தாலும் கந்தோர்களாலும் வரும் துன்பத்துக்கு மருந்து தேடுபவர் மாத்திரம் சந்தைக்கு அனுப்பப்படுகின்றார். கச்சேரி வாசலிலே தட்டெழுத்துப் பொறியுடன் அமர்ந்து பெட்டிசம் எழுதிக் கொடுத்தவர்களை முதிய வாசகர்கள் அறிவர். அவர்களுள் நேர்மையாளர் பலர் இருந்தனர். அவர்களையடுத்துத் தரகர் வந்தார். தரகரையடுத்து அரசியல்வாதியின் சிபாரிசுக் கடிதம் வந்தது. தரகரின் கணக்குக் காசோடு தீர்ந்துவிடும். சிபாரிசுக் கடிதத்தின் கணக்கோ எத்தனை தேர்தல் வந்தாலும் தீர்வதில்லை. உரிமையாகப் பெற வேண்டியதை உபகாரமாகப் பெற்றவர், தமது வாக்கையும் வாயையும் ஒருசேர அடகு வைத்தவராகின்றார்.

இதனை அற்ப விடயமென்று எண்ணுவோர் மலையகத்தின் வரலாற்றைச் சற்று நினைத்துப் பார்த்தல் வேண்டும். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. மறு ஆண்டில் வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம், இரண்டு ஆண்டுகளுக்குள் விண்ணப்பித்துத் தொடர்ச்சியாக இங்கு வாழ்ந்தமையை நிரூபிக்கும்படி அவர்களைக் கேட்டது. மணமானவர் 7 ஆண்டு, மணமாகாதவர் 10 ஆண்டு. லயக் காம்பராவிலே பிறந்து, தோட்டத்துச் செக்ரோலைத் தவிர வேறெந்தப் புத்தகத்திலும் பெயர் ஏறாத ஒரு கொழுந்து பறிக்கும் பெண், தான் வாழ்ந்ததை எந்தக் கடதாசியைக் கொண்டு நிரூபிப்பாள்? எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் போயின. பிரசாவுரிமை பெற்றவர் ஏறத்தாழ 1,34,000 பேரே. எஞ்சியோரை 1964 ஆம் ஆண்டின் ஒப்பந்தம் இரு நாடுகளுக்கிடையே தலை எண்ணிப் பங்கிட்டது. 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை அந்தக் காயம் முற்றாக ஆறவில்லை.

நல்லாலோசனை மாத்திரம் கிடைத்திருந்தால் அம்மக்கள் காப்பாற்றப்பட்டிருப்பர் என்று நாம் கூற வரவில்லை. அவர்களைப் புறந்தள்ளுவதே சட்டத்தின் நோக்கமாயிருந்தது. ஆயினும், எழுத்தறியாத மக்கள்மீது படிவமும் ஓர் ஆயுதமாகப் பிரயோகிக்கப்படலாம் என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

எமது ஊர்ச் சனசமூக நிலையத்தின் வாசிகசாலையிலே, ஞாயிறு காலைகளில் ஆசிரியர் சிலரும் உயர்தர வகுப்பு மாணவர் சிலரும் கூடி, வருவோருக்குக் கடிதம் வாசித்தும் படிவம் நிரப்பியும் கொடுத்து வருகின்றோம். ஒருநாள் ஒரு பெண் வந்தார். குழுக் கடன் வழங்கும் ஒரு கம்பெனியின் சார்பில் வழக்கறிஞர் அனுப்பிய ஆங்கிலக் கடிதம் அவர் கையில் இருந்தது. மூன்று நாட்களாக அதனைத் தலையணையின் கீழ் வைத்துக்கொண்டு உறங்காதிருந்திருக்கின்றார்.

"வெள்ளிக்கிழமைக்கிடையிலை கட்டாட்டிப் பொலிஸ் வந்து பிடிச்சுக்கொண்டு போகுமோ, மாஸ்டர்?"

நாம் கடிதத்தைத் தமிழில் வாசித்துக் காட்டினோம். அதிலே பொலிஸ் என்ற சொல்லே இல்லை. வழக்கறிஞரின் கோரிக்கைக் கடிதம் வேறு, நீதிமன்றத்தின் அழைப்பாணை வேறு என்பதையும், கடனைக் கட்ட இயலாமை மாத்திரமே ஒருவரைக் குற்றவாளியாக்கி விடாது என்பதையும் எடுத்துச் சொன்னோம். கட்டிய தவணைகளின் துண்டுகளைத் திகதிப்படி அடுக்கி ஒரு மாணவி கணக்கெழுதினாள். மேற்கொண்டு செய்ய வேண்டியதை அறிய, பட்டணத்திலுள்ள சட்ட உதவி நிலையத்துக்கு ஒரு குறிப்பும் எழுதிக் கொடுத்தோம். கடன் குறைந்துவிடவில்லை. ஆனால் அந்தப் பெண்ணின் முகத்திலிருந்த பீதி குறைந்தது. அடுத்த ஞாயிறு அவர் தனியே வரவில்லை. அதே மாதிரிக் கடிதத்துடன் அயற்பெண்கள் நால்வரையும் அழைத்து வந்தார்.

அந்த ஐந்து கடிதங்களும் ஒரே மேசைமீது பக்கத்திற் பக்கமாகக் கிடந்தபோது ஓர் உண்மை எமக்கு விளங்கிற்று. அதுவரை ஒவ்வொருத்தியும் 'என் தலைவிதி' என்று எண்ணியிருந்தது, ஐவருக்கும் பொதுவான ஒரு வியாபார முறையின் விளைவு. அவமானமாக மறைக்கப்பட்ட துன்பம் பொதுப் பிரச்சினையாக மாறும் இடம் அதுவே. 2018 இல், வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களின் பெண்கள் நுண்கடன் கம்பெனிகளிடம் பெற்றிருந்த 1,00,000 ரூபாவுக்குட்பட்ட கடன்களுக்கு அரசாங்கம் நிவாரணம் அறிவித்தது. 2021 மார்ச்சில் ஹிங்குராக்கொடையிலே சிங்களப் பெண்கள் இதே கடனுக்கெதிராகச் சத்தியாக்கிரகம் இருந்தனர். வடக்கின் பெண்ணுக்கும் பொலனறுவையின் பெண்ணுக்கும் மொழி வேறு. கையிலுள்ள கடதாசி ஒன்றே.

ஆலோசனைக்கு இவ்விரு பணிகளும் உண்டு என்பதைப் பிரித்தானியர் நீண்ட காலத்துக்கு முன்னரே கண்டனர். 1939 செப்டெம்பர் 3 இல் அந்நாடு யுத்தப் பிரகடனம் செய்தது. மறுநாளே குடிமக்கள் ஆலோசனை நிலையங்கள் திறக்கப்பட்டன. குண்டு வீழ்ந்து வீடிழந்தோரும், பங்கீட்டு அட்டையைத் தொலைத்தோரும், கடன்பட்டோரும் அங்கு சென்றனர். குதிரை ஏற்றும் வண்டியொன்றுகூட நடமாடும் நிலையமாயிற்று. யுத்தம் முடிந்தும் அவை மறையவில்லை. தொண்டர்களைக் கொண்டே பெரும்பாலும் இயங்கும் அந்நிலையங்கள், வருபவருக்கு வழி சொல்வதோடு நில்லாது, ஒரே முறைப்பாடு பலமுறை வருமாயின் அதனைத் தொகுத்து, சட்டமும் நடைமுறையும் எங்கே பிழைக்கின்றன என்று ஆட்சியாளருக்கு எடுத்துரைப்பதையும் தமது கடமையாகக் கொண்டுள்ளன.

எமது நாட்டிலும் ஏதுமில்லை என்று சொல்வது நியாயமாகாது. 1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ்ச் சட்ட உதவி ஆணைக்குழு அமைந்தது. 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டம் வழக்கறிஞரின்றியே பிணக்குகளைப் பேசித் தீர்க்க மத்தியஸ்த சபைகளைத் தந்தது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலே எமக்கு மிகவும் பிடித்தமான ஏற்பாடொன்று உண்டு: எழுத்தில் விண்ணப்பிக்க இயலாதவர் வாயாற் கேட்கலாம், அதனை எழுத்தில் பதிவது உத்தியோகத்தரின் கடமை. எழுதத் தெரியாமை குடிமகனின் குற்றமன்று, அதனை ஈடுசெய்வது அரசின் பொறுப்பு என்னும் கோட்பாடு அதிலே அடங்கியிருக்கின்றது. எல்லாக் கந்தோர்களுக்கும் எல்லாப் படிவங்களுக்கும் அக்கோட்பாடு ஏன் விரியலாகாது?

ஆனால் உள்ளவையும் எட்டாத இடத்தில் உள்ளன. இலவச ஆலோசனை பட்டணத்தில் இருக்க, அதனைத் தேடிச் செல்வதற்கு பஸ் கூலியும் ஒருநாட் சம்பளமும் விலையாகின்றன. தமிழும் அரசகரும மொழியென்று 1987 இல் அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தம் கூறிய பின்னரும், வாசிக்க இயலாத மொழியிற் கடிதம் பெறுவோர் எமது வாசிகசாலைக்கு வருகின்றனர். 2023 இல் அஸ்வெசும தொடங்கியபோது, விடுபட்டவர்கள் மேன்முறையீடு செய்யலாம் என்பதையே அயலவர் சொல்லித்தான் பலர் அறிந்தனர்.

'இது வெறும் ஒட்டு வேலை. அமைப்பு மாறாமல் படிவம் நிரப்பி ஆவதென்ன?' என்று தோழர் சிலர் எம்மைக் கேட்கின்றனர். கேள்வி நியாயமானது. தனி ஒருவரின் காரியத்தோடு நின்றுவிடும் ஆலோசனை, தருமத்தின் இன்னொரு வடிவமே. ஆனால் அச்சத்தில் உறைந்திருப்பவர் போராட வருவதில்லை. தமக்கு என்ன உரிமை உண்டென்று அறியாதவர் எதனைக் கேட்டுப் போராடுவார்? மக்களை அணிதிரட்ட வேண்டுமெனப் பேசும் நாம், முதலில் அம்மக்களின் கடிதத்தை அவர்களுக்கு வாசித்துக் காட்டக் கடமைப்பட்டவர்கள்.

ஆகவே ஆசிரியர்களையும் மாணவர்களையும் நாம் வேண்டுவது இதுதான். உங்கள் ஊர் வாசிகசாலையில் வாரத்தில் இரண்டு மணி நேரம் ஒரு மேசையைப் போடுங்கள். காசு வாங்காதீர்கள்; வாக்கும் கேளாதீர்கள். அறிந்த இரகசியத்தை வெளியிடாதீர்கள். தெரியாததைத் தெரிந்ததுபோற் கூறாது, தெரிந்தவரிடம் அனுப்புங்கள். வந்தவரின் பெயரை விடுத்து, அவர் கேட்ட கேள்வியை மட்டும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். ஓராண்டு கழிந்தபின் அந்தக் கொப்பியைப் பிரதேச செயலாளரின் மேசையிலும், பாராளுமன்ற உறுப்பினரின் மேசையிலும், பத்திரிகை ஆசிரியரின் மேசையிலும் வைத்து, இவற்றுக்கு மறுமொழி என்னவென்று ஊரோடு சேர்ந்து கேளுங்கள்.