கருங்குழி பாசஞ்சரில் ஒரு சங்கிலித் தையல்

ஜி.எஸ்.டி. ரோட்டில் எத்தனை தடவை கருங்குழியைத் தாண்டிப் போயிருப்பீங்க? மதுராந்தகம் வந்தாச்சான்னு எட்டிப் பார்க்கிற அவசரத்தில் ஊர் பேரைக்கூடப் படிச்சிருக்க மாட்டீங்க. 1759-ல் ஆங்கிலேயர் படை பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பிடித்த கோட்டை இருந்த ஊர் இது. இப்போ காலையில் இங்கே நடக்கிற ஒரே போர், ரயிலில் ஜன்னல் ஸீட் பிடிப்பதுதான்!

ஸீட் கிடைச்சாச்சா? பையிலிருந்து ஊசி நூலை எடுங்க. ஆமாம், எம்ப்ராய்டரிதான். ஸ்கூலில் கைவேலை பீரியடில் போட்ட கர்ச்சீஃபோடு பலருக்கும் அது முடிஞ்சிருக்கும். அப்புறம் அரியர், புராஜெக்ட், பாஸ்போர்ட், ஐ.இ.எல்.டி.எஸ். 'டைம் எங்கப்பா இருக்கு?' இதோ, இந்த வண்டியில் இருக்கு. படாளம், பாலாறு பாலம், செங்கல்பட்டு, அப்புறம் கொளவாய் ஏரி... தாம்பரம் வர்றதுக்குள்ள ஒரு இலை முடிஞ்சிடும்.

வண்டி குலுங்கும்போது சங்கிலித் தையல் போடுங்க. ஒரு கண்ணி கோணினாலும் அடுத்தது இழுத்து நேராக்கிடும். எக்ஸ்பிரஸுக்கு வழிவிட்டு பாசஞ்சர் நிற்குமே, எல்லாரும் ரயில்வேயைத் திட்டுவாங்களே, அந்த நேரம் ஃப்ரெஞ்ச் நாட்டுக்கு. சிட்டத்தில் வரும் நூலில் ஆறு இழை இருக்கும். ரெண்டு ரெண்டாகப் பிரித்து, முழங்கை நீளத்துக்கு வெட்டி, வீட்டிலேயே நாலு ஊசியில் கோத்துட்டு வந்துடுங்க. கூட்டத்தில் ஊசிக் காதைத் தேடுவதெல்லாம் நடக்கிற காரியமா?

பசங்களா, பக்கத்தைத் திருப்பாதீங்க! கல்யாண ஜாக்கெட்டுக்கு ஆரி வேலை செய்யும் பட்டறைகளுக்குப் போய்ப் பாருங்க. கட்டையில் துணியை இழுத்துக் கட்டிக் குனிந்திருப்பவர்களில் பெரும்பாலும் ஆண்கள்தான்.

'சரி, அடுத்த வருஷம் எம்.எஸ்., ஃபாரின். அதோட இதை மூட்டை கட்டணும்'னு சொல்றீங்களா? மூட்டையிலேயே கட்டிக்கிட்டுப் போங்க. 23 கிலோ பெட்டியில் ஊறுகாய்க்கும் பருப்புப் பொடிக்கும் அம்மா இடம் பிடிச்ச பிறகும் ஒரு வளையம், பத்து சிட்டம், ரெண்டு முழம் காட்டன் துணி நுழையும். கத்தரிக்கோலை மட்டும் கைப்பையில் வைக்காதீங்க, செக்-இன் பெட்டியில் போடுங்க.

இப்படிக் கடல் தாண்டி வந்த கைவேலை ஒன்று நம்ம ஊரிலேயே இருக்கு. மார்த்தா மால்ட் என்ற ஆங்கிலேயப் பெண் கணவரோடு 1819-ல் நாகர்கோவில் வந்தார். தையலில் கொஞ்சம் வேறு ஜாதியான லேஸ் பின்னலை, மரச் சுருள்களில் நூலைச் சுற்றித் திண்டின் மேல் வைத்து முறுக்கும் வேலையை, அங்கே பெண்பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தார். திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிந்தது 1855-ல்தான். அதற்கு முன்பே லேஸ் விற்ற காசில் தங்கள் விடுதலையை விலைக்கு வாங்கிய பெண்கள் உண்டு! மார்த்தாவின் மகள் எலிசா, 1844-ல் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போனபோது லேஸும் கூடவே போனது.

நீங்க யாரையும் விடுவிக்க வேண்டாம். ஆனா டிசம்பரில் லண்டனில் சாயந்திரம் நாலு மணிக்கே இருட்டிடும். லைப்ரரி, பார்ட் டைம் வேலை எல்லாம் முடிச்சு ரூமுக்கு வந்தா பேச ஆள் இருக்காது. இங்கே எல்லாரும் தூங்கியிருப்பாங்க. லேப்டாப்பைத் திறந்தா விடியும்வரை படம் ஓடும். அந்த நேரத்துக்குத்தான் பெட்டியில் வளையத்தை வைக்கச் சொல்றேன். பஸ்ஸில் எடுத்துத் தைச்சா பக்கத்து ஸீட் பாட்டி கட்டாயம் 'இது என்ன?'ன்னு கேட்பாங்க. வானிலையைப் பத்திப் பேசுறதைவிட அது எவ்வளவோ மேல்.

டிசைனையும் ஊரிலிருந்தே கொண்டுபோங்க. படாளம் கூட்ரோட்டில் திரும்பினா வேடந்தாங்கல். அங்கே பறவை சீசன் நவம்பரில் களைகட்டும், நீங்களோ செப்டம்பரிலேயே ஃப்ளைட் ஏறிடுவீங்க. அதனால போன சீசன் போட்டோவிலிருந்து ஒரு நத்தைகுத்தி நாரையை டிரேஸ் பண்ணிக்குங்க. உடம்புக்கு சாம்பல் கலந்த வெள்ளை, இறக்கை ஓரத்துக்குக் கறுப்பு, ரெண்டே நிறம். அலகு மூடினாலும் நடுவே ஒரு சந்து தெரியும். அந்த இடத்தில் மட்டும் தைக்காம துணியை அப்படியே விட்டுடுங்க.