சுவரில் ஒரு கணக்குப்பிள்ளை

வீட்டின் முன்கட்டை இடித்துத் தள்ள மேஸ்திரிக்கு மூன்று நாள் பிடித்தது. அதில் ஒரு துண்டுச் சுவர் மட்டும் இரண்டரை மாதம் தனியே நின்றது. ஆள் உயரம், இரண்டு முழ அகலம். மேலே கூரை இல்லை, பக்கத்தில் துணைக்கு வேறு சுவர் இல்லை. தலையில் முக்காடு மாதிரி ஒரு நீலத் தார்ப்பாய். நெற்றியில் மின்சார மீட்டர். ராத்திரியில் மழை பிடித்துக்கொண்டால் தார்ப்பாய்க்கு அடியில் அதன் சிவப்புப் புள்ளி விட்டு விட்டுச் சிமிட்டும். பின்கட்டு வாசலில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஆயா ஒருநாள் சொன்னாள்: "எல்லாரும் எழுந்து போயிட்டாங்க. கணக்குப்பிள்ளை மட்டும் எழுந்திருக்க மாட்டேங்கிறான் பாரு."

மீட்டருக்கு ஆயா வைத்த பெயர் அது. சுவரில் உட்கார்ந்து, வாய் திறக்காமல், வீட்டில் யார் எப்போது விளக்குப் போட்டாலும் எழுதிக்கொண்டிருப்பவன்.

ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். தாத்தா கட்டிய வீடு அது. மண் சுவர், முதலில் புல் கூரை, பிறகு ஓடு. வாசல் கிழக்கே பார்த்துத்தான் இருந்தது. ஊருக்குக் கரண்ட் வந்தபோது கம்பம் வடக்குப் பக்கம் நின்றது. பாதை அந்தப் பக்கம்தான் போகிறது. கம்பத்திலிருந்து ஒயர் இழுக்கத் தோதான சுவர் எதுவென்று பார்த்தார்கள். உள்ளே சாமை கொட்டி வைக்கும் குதிர் இருந்த மூலைதான் அது. குதிரை நகர்த்தினார்கள். ஒயர் வரும் வழியில் நின்ற புளியமரத்தின் ஒரு கிளையை வெட்டினார்கள். ரீடிங் எடுக்க வருபவர் குனிந்து நுழைய வேண்டியிருந்ததால் வடக்குப் பக்கம் ஒரு சின்னக் கதவு வைத்தார்கள். அந்தக் கதவு வழியாகப் போக வரப் பழகி, கடைசியில் கிழக்கு வாசல் பண்டிகைக்கு மட்டும் திறக்கும் வாசலாகிவிட்டது. தாத்தா சாஸ்திரம் பார்த்துக் கட்டிய வீட்டை ஒரு கம்பம் திருப்பி உட்கார வைத்துவிட்டது. இதை யாரும் ஒரு முடிவாக எடுக்கவில்லை. ஒவ்வொன்றும் அன்றன்றைக்குச் சின்னக் காரியமாகத்தான் தெரிந்தது.

நான் சிறுவனாக இருந்தபோது இருந்தது சக்கர மீட்டர். கண்ணாடிக்குப் பின்னால் ஓர் அலுமினியத் தட்டு, விளிம்பில் ஒரு கறுப்புக் கோடு. விளக்கைப் போட்டால் தட்டு சோம்பலாகச் சுற்றும். கோடு வந்து வந்து போகும். தம்பியும் நானும் அதற்கு முன்னால் நின்று எண்ணுவோம். மின்சாரம் என்று நாங்கள் கண்ணால் பார்த்தது அந்தச் சுழற்சியைத்தான். புடாபெஸ்ட் நகரத்தின் கான்ஸ் தொழிற்சாலையில் ஓட்டோ பிளாத்தி என்ற ஹங்கேரியப் பொறியாளர் 1889-ல் காப்புரிமை வாங்கிய ஏற்பாட்டின் வாரிசு அது. அதற்கு முன் எடிசன் துத்தநாகத் தகடுகளை ரசாயனக் கரைசலில் தொங்கவிட்டு, மாதா மாதம் ஆள் அனுப்பி எடை போட்டுக் கரண்ட் கணக்குப் பார்த்தார். தராசில் நிறுத்துப் பார்த்திருந்தால் ஆயாவுக்குக் கூட நம்பிக்கை வந்திருக்கும். எங்கள் சக்கரம் போய் எலக்ட்ரானிக் மீட்டர் வந்த பிறகு சுற்றுவது நின்று சிமிட்டுவது தொடங்கியது. முகப்பில் 3200 என்று எழுதியிருந்தது. அத்தனை முறை கண் சிமிட்டினால் ஒரு யூனிட்.

முன்கட்டை எடுத்துவிட்டு இரண்டு அறை காங்கிரீட்டில் போடுவது என்று முடிவானதும் மேஸ்திரி வந்து அளந்தார். மீட்டரைத் தட்டிக் காட்டி, "இது ஒண்ணும் வேலையே இல்ல தம்பி. ரெண்டு ஸ்க்ரூ. சாயங்காலம் கழட்டி அந்தப் பக்கம் மாட்டிட்டா யாருக்குத் தெரியப்போவுது?" என்றார். அவர் கைக்கு அது இரண்டு ஸ்க்ரூதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் நம் வீட்டுச் சுவரில் நமக்குச் சொந்தமில்லாத பொருள் அது ஒன்றுதான். அதன் மேல் ஈய சீல் போட்டிருக்கிறது. 2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 138-வது பிரிவு, அனுமதியில்லாமல் மீட்டரை இணைப்பதையும் கழற்றுவதையும் குற்றம் என்கிறது. மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நான் இதைச் சொன்னதும் மேஸ்திரி என்னைப் பார்த்த பார்வையில், படித்தவன் வீட்டு வேலையை ஒப்புக்கொண்டோமே என்ற வருத்தம் தெரிந்தது. சுவரைச் சுற்றி இடித்துக்கொண்டு போனார். அதைத் தொடவில்லை.

முறைப்படி மாற்றுவதென்றால் இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் விண்ணப்பிக்க வேண்டும். இ-சேவை மையத்தில் சர்வீஸ் நம்பரைத் தட்டியதும் திரையில் தாத்தாவின் பெயர் வந்தது. அவர் செத்துப் பத்தொன்பது வருஷம் ஆகிறது.

அட்டைகளை எடுத்துப் பார்த்தேன். ஆயா ஒன்றைக்கூடத் தூக்கிப் போடவில்லை. ரீடிங் எழுதும் வெள்ளை அட்டைகள், ரசீதுகள் எல்லாம் ஒரு தகரப் பெட்டியில். அவற்றின் தலைப்பில் இருந்த பெயர்தான் மாறிக்கொண்டே வந்தது. 1957-ல் தொடங்கிய தமிழ்நாடு மின்சார வாரியம் 2010-ல் பிரிந்து உற்பத்திக்கும் பகிர்மானத்துக்கும் ஒரு கழகமானது; அதுவும் 2024-ல் பிரிந்து இன்று மின் பகிர்மானக் கழகம். மலையில் எல்லாவற்றுக்கும் ஈ.பி. என்றுதான் பெயர், அது வேறு விஷயம். அவர்கள் இத்தனை முறை பெயர் மாற்றிக்கொண்ட காலத்தில் நாங்கள் ஒரு முறை கூட மாற்றவில்லை.

சோம்பேறித்தனம் என்றுதான் நினைத்தேன். அப்பாவிடம் கொஞ்சம் கடுமையாகவே கேட்டேன். அவர் சட்டைப் பையில் எதையோ தேடுவது போலப் பாவனை செய்தார். பிறகு, "ரேஷன் கார்டுல அவரு பேரை எடுத்தாச்சு. ஓட்டர் லிஸ்ட்ல எடுத்தாச்சு. பட்டாவும் மாத்தியாச்சு. ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவ அவர் பேருக்கு ஒரு சீட்டு வருது. இருக்கட்டுமேன்னு விட்டுட்டேன்" என்றார். அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் வாரிசுச் சான்றுக்கு எழுதிப் போட்டேன்.

முன்பெல்லாம் தாலுகா காரியம் என்றால் போளூருக்கு இறங்க வேண்டும். ஒரு நாள் அதற்கே போய்விடும். இப்போது ஜமுனாமரத்தூரே தாலுகா. அலைச்சல் அந்த அளவுக்குக் குறைந்தது. தாமதம் எங்கள் குடும்பத்துக்குள்தான் இருந்தது. அத்தைகள் இருவரும் சம்மதக் கையெழுத்துப் போட்டார்கள், ஒருத்தி மட்டும் "வீட்டையே எழுதி வாங்கறீங்களா?" என்று இரண்டு முறை கேட்டுக்கொண்டு. சித்தப்பா குடகில் காப்பித் தோட்டத்தில் இருந்தார். மலையில் பாதி வீடுகளில் இப்படி ஒருவர் காப்பிக்கோ மிளகுக்கோ போயிருப்பார். தீபாவளிக்குத்தான் வருவேன் என்றார். ஆவணியில் இடித்த வீட்டில் அந்தச் சுவர் ஐப்பசி வரை நின்றதற்கு முழுக் காரணம் சித்தப்பாவின் ஒரு கையெழுத்து.

இடையில் இன்னொரு முடிச்சு. மீட்டர் நகராமல் பழைய சுவரை இடிக்க முடியாது. புதுச் சுவர் எழும்பாமல் மீட்டரை மாட்ட இடமில்லை. பழைய சுவரோ புதுச் சுவர் எழும்ப வேண்டிய கோட்டிலேயே நிற்கிறது. இடம் பார்க்க வந்த பொறியாளர் சிரித்துவிட்டு, கம்பத்துக்கு நேரே வரும் மூலையில் ஒரு தூணையும் அதை ஒட்டி நாலடிச் சுவரையும் மட்டும் முதலில் எழுப்பிப் பூசச் சொன்னார். வெளிப்பக்கம் இருக்க வேண்டும், கண்ணுக்கு நேரே வர வேண்டும், ரீடிங் எடுப்பவர் யாரையும் கூப்பிடாமல் பார்த்துக்கொண்டு போகத் தோதாக இருக்க வேண்டும் என்றார். இடமாற்றச் செலவு முழுவதும் வீட்டுக்காரருடையது; மதிப்பீட்டுத் தொகையை முன்கூட்டியே கட்டினால்தான் வேலை தொடங்கும் என்பது விதி. கட்டினோம். கொஞ்ச நாள் எங்கள் மனையில் எதிரெதிரே இரண்டு தனிச் சுவர்கள் நின்றன, சண்டை போட்டுப் பேச்சு நின்றுபோன பங்காளிகள் மாதிரி.

எங்கள் பங்கு வேலையில் கடினமானது எர்த் குழிதான். சமவெளியில் அது அரை நாள் வேலை. இங்கே மூன்று அடிக்குக் கீழே பாறை. கடப்பாரை நுனி மழுங்கிப் போனதுதான் மிச்சம். இரண்டு இடம் தோண்டி விட்டுவிட்டு, மூன்றாவதாகப் பாத்திரம் கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் மண் கிடைத்தது. குழாயை இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் அடுக்கடுக்காகப் போட்டு மூடினோம். ஈரம் இருந்தால்தான் மண் மின்சாரத்தை வாங்கிக்கொள்ளும். கழுவுகிற தண்ணீர் தினமும் அங்கே போகும்படி வாய்க்கால் திருப்பினோம். பழைய வீட்டில் எர்த் கம்பி எங்கே போகிறது என்று தேடிப் பார்த்தபோது அது ஒரு சாண் ஆழத்தில் ஒரு கல்லைச் சுற்றிக் கட்டியிருந்தது. இத்தனை வருஷம் எங்களை யார் காப்பாற்றினார்கள் என்று தெரியவில்லை. ஒயரிங் செய்த பையன் ஆர்.சி.டி. ஒன்று வாங்கி மாட்டச் சொன்னான். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே அது விழுந்து கரண்டை நிறுத்திவிடும். அதற்குக் காசு கொடுக்கும்போது மட்டும் நான் பேரம் பேசவில்லை.

மாற்றுகிற நாளில் லைன்மேன் அண்ணன் மதியம் வந்தார். கம்பத்தில் ஏறி ஒயரைத் துண்டித்தார். சீலை உடைத்து, கடைசி ரீடிங்கைக் குறித்துக்கொண்டு, மீட்டரைக் கழற்றிப் புதுச் சுவரில் மாட்டினார். மேஸ்திரி சொன்னது சரிதான், இரண்டே ஸ்க்ரூ. புது இரும்புக் குழாயின் தலையை மழைத்தண்ணீர் இறங்காதபடி கொக்குக் கழுத்துபோல வளைத்திருந்தோம். அதற்குள் ஒயரை நுழைத்து, மறுபடி கம்பத்தில் ஏறிச் சேர்ப்பதுதான் பாக்கி. அப்போது மேற்கே இடி உருண்டது. அவர் மேகத்தைப் பார்த்தார், கம்பத்தைப் பார்த்தார், "நாளைக்குக் காலையில" என்று சொல்லி வண்டியை எடுத்தார். அவர் செய்ததுதான் சரி.

அன்று மழை கொஞ்ச நேரம் பெய்துவிட்டு ஒன்பது மணிக்கு விட்டது. மேகம் விலகியது. வீட்டில் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. வெளியே வந்து நிமிர்ந்து பார்த்தேன். இந்த மலையில் பிறந்தவன்தான், ஆனாலும் வாசல் விளக்கைத் தாண்டி வானத்தைப் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. மலையின் மேற்குச் சரிவில் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. நல்ல இருட்டும் தெளிந்த வானமும் தேடி வந்த வானியலாளர் வைணு பாப்பு தேர்ந்தெடுத்த இடம் அது. 1968-ல் 38 செ.மீ. தொலைநோக்கி ஒன்றோடு அங்கே வேலை தொடங்கியது. வியாழனின் துணைக்கோளான கேனிமீடைச் சுற்றி மெல்லிய வாயுமண்டலம் இருப்பதற்கான தடயம் 1972-ல் அங்கிருந்து கிடைத்தது. 1977-ல் யுரேனஸின் வளையங்களைக் கண்டவர்களில் காவலூர்க்காரர்களும் உண்டு. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அங்கே கூட்டிப்போய்க் காட்டினார்கள். திரும்பி வந்து ஆயாவிடம் சொன்னபோது, "நாம கரண்டு வேணும்னு கம்பத்தைப் பார்த்துக்கிட்டு நிக்கிறோம், அவங்க இருட்டு வேணும்னா இங்க வந்தாங்க?" என்று கேட்டாள். இப்போதும் அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. மறுநாள் புது வாசல் விளக்கின் மேல் ஒரு தகர மூடி போட்டு வெளிச்சத்தைத் தரைக்குத் திருப்பிவைத்தேன். மேஸ்திரி அதற்கும் அதே பார்வை பார்த்தார்.

காலையில் இணைப்பு வந்தது. புது சீல் போட்டார்கள். துண்டுச் சுவரை மத்தியானத்துக்குள் இடித்தாயிற்று. உள்ளிருந்து ஒரு ஆணி கிடைத்தது, வெள்ளை அட்டை தொங்கிய ஆணி. அப்பா அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பெயர் மாறி வந்த முதல் ரசீதை அவரிடம் காட்டினேன். தன் பெயரை எழுத்துக் கூட்டி ஒருமுறை படித்துவிட்டு, பிழை இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். இல்லை.

இரண்டு மாதம் கழித்து ரீடிங் எடுக்க வந்தார்கள். பழைய வீட்டில் அதற்கென்று ஒரு நடைமுறை இருந்தது. வருபவர் சின்னக் கதவு வழியாகக் குனிந்து வந்து, குதிருக்குப் பக்கத்தில் நின்று எழுதுவார். ஆயா கேழ்வரகுக் கூழோ, பலாக்காலம் என்றால் சுளையோ கொடுப்பாள். அவர் கீழே ஊரில் மழை எப்படி, புளி என்ன விலை என்று சொல்லிவிட்டுப் போவார். இந்தத் தடவை ஆயா காலையிலேயே கூழ் கரைத்து மூடி வைத்திருந்தாள். சாயங்காலம் என்னிடம் கேட்டாள்.

"கணக்கு எழுதறவன் இன்னும் வரலியா?"

"வந்துட்டுப் போயிட்டாரு ஆயா. வெளியில இருந்தே பார்த்துக்கிட்டாரு."

"எவ்வளவு ஆச்சாம்?"

"எண்பத்தாறு யூனிட்டு."

"காசு?"

"ஒண்ணும் இல்ல. நூறு யூனிட் வரைக்கும் இலவசம். 2016-லேர்ந்து அப்படித்தானே?"

ஆயா கூழ்ச் சட்டியின் மூடியைத் திறந்து பார்த்தாள்.

"காசும் வாங்கல, உள்ளயும் வரலன்னா, அவ்வளவு தூரம் மலை ஏறி எதுக்குடா வந்தான்?"