ஊன்றுகோல்

துன்பம் வந்துற்றபோது மனிதன் இறைவனிடம் முதலில் வேண்டுவது அத்துன்பத்தின் நீக்கத்தையே. நீக்கம் கிட்டாதவிடத்து, இறைவன் உடனிருக்கின்றான் என்னும் உணர்வு மட்டும் ஆறுதல் தரவல்லதா? சமயத்திலே நம்பிக்கையுடையோர் ஒருநாள் எதிர்கொள்ள நேரும் வினா இது. சேக்கிழார் 12 ஆம் நூற்றாண்டிலே பாடிய பெரியபுராணத்தில், சுந்தரமூர்த்தி நாயனார் கண்ணிழந்த வரலாறு இவ்வினாவுக்கு நேர்முகமாக விடை பகர்கின்றது.

திருவாரூரிலே பரவையாரை மணந்து வாழ்ந்த சுந்தரர், பின்னர் திருவொற்றியூரிலே சங்கிலியாரைக் கண்டு காதலுற்றார். அவரைப் பிரியேன் எனச் சந்நிதியிற் சபதஞ் செய்தாலன்றி மணம் நிகழாது. பிற தலங்களையும் சென்று வழிபடவேண்டும் என்னும் எண்ணமுடைய சுந்தரர், தாம் சபதஞ் செய்யும்பொழுது சந்நிதியை நீங்கி மகிழமரத்தின்கீழ் இருந்தருளுமாறு இறைவனையே வேண்டினார். இறைவனும் இசைந்தான். ஆனால், சபதத்தை மகிழின்கீழே பெறுமாறு சங்கிலியாருக்கு அவனே உணர்த்தியும் விட்டான். மறுக்க வழியின்றிச் சுந்தரர் இறைவன் உறைந்த இடத்திலேயே வாக்களித்தார்.

காலஞ் சென்றது. வசந்தம் வரவே, ஆரூர் விழாவின் நினைவு அவரை வாட்டியது. சபதத்தை மறந்து ஒற்றியூர் எல்லையைக் கடந்தார். இரு கண்களும் ஒளி இழந்தன. பிறர் வழிகாட்ட நடந்து, திருவெண்பாக்கத்தை அடைந்த அவர் இறைவனை நோக்கிக் கேட்ட வினா, கோயிலினுள் இருக்கின்றீரோ என்பதாகும். இறைவன் ஓர் ஊன்றுகோலை அளித்து, இருக்கின்றோம், நீர் செல்லலாம் என்ற கருத்துப்பட விடையிறுத்தான். பார்வை தரவில்லை.

ஒற்றியூரிலே சந்நிதியில் இறைவன் இல்லாதிருத்தலை விரும்பியவர் அவர். வெண்பாக்கத்திலே இறைவன் உள்ளே இருத்தல் ஒன்றையே அறிய விரும்பினார். இரண்டிற்கும் இடைப்பட்டது அவருடைய துன்பம். அத்துன்பமும் அவர் தாமே தேடிக்கொண்டது. வாக்குத் தவறியவர் மனிதர். தவறாது நின்றவன் இறைவன். தன் பிழையால் வந்த துயரிலே இறைவனை அழைக்கத் தனக்கு உரிமை உண்டோ என ஏங்குவோர் பலர். அவர்களுக்கு இவ்விடம் பெரிதும் ஆறுதலளிப்பது.

கண்ணைக் கேட்டவருக்குக் கோலைக் கொடுத்தல் இரக்கமாகுமா என்று ஐயுறுவோரும் உளர். அவ்வையத்தைச் சுந்தரரே மறைத்தாரல்லர். வெண்பாக்கத்துப் பதிகம் மனத்தாங்கலோடு பாடப்பெற்றது. தம்பிரான் தோழர் எனப் பெயர்பெற்றவர் தம் தோழரிடம் முறையிடுகின்றார். ஆயின், இல்லாத ஒருவனிடத்து எவரும் முறையிடுவதில்லை. நம்பிக்கை அழிந்தவிடத்து எஞ்சுவது மௌனமே. அவ்வகையில் அம்முறையீடும் வழிபாடேயாகும்.

கோல் பார்வைக்கு ஈடன்று. அஃது அடுத்த அடியை வைக்கத் துணை செய்வது. அதனை ஊன்றிச் சென்ற சுந்தரர், காஞ்சியில் இடக்கண்ணையும், நெடுவழி கடந்து ஆரூரில் வலக்கண்ணையும் பெற்றார் என்பர். அருள் ஒரே நாளில் முழுமையாக வந்திலது. இடைப்பட்ட வழியை அவர் நடந்தே கடக்கவேண்டியிருந்தது. நோயுற்றோரும் உறவினரை இழந்தோரும் அறிந்த வழி அதுவே. அவர்கள் துயர் ஒரு நாளிலே தீர்வதன்று. ஆயினும் இரவைக் கழித்துக் காலையில் எழுதற்குப் போதிய வலிமை அவர்க்கு எங்கிருந்தோ கிடைக்கின்றது.

வெண்பாக்கத்துப் பழைய தலம் 1944 இல் அமைந்த பூண்டி நீர்த்தேக்கத்துள் அகப்பட்டது. கோயில் வேறிடத்திற் கட்டப்பெற்று வழிபாடு தொடர்கின்றது. அங்குள்ள இறைவனுக்கு ஊன்றீசர் என்பதே பெயர். கண்ணளித்தவன் என்னாது கோலளித்தவன் என்றே அவனை அழைத்த அடியார்கள், இக்கதையின் பொருளை நன்குணர்ந்தோராதல் வேண்டும்.

ஈழத்து இல்லங்களிலும் நோயாளியின் படுக்கையருகே தேவாரம் ஓதப்படுவதுண்டு. ஓதியபின் நோய் தணியாதிருத்தலும் உண்டு. ஆயினும் ஓதுவோர் மறுநாளும் ஓதுகின்றனர். இருளிலே நின்று, உள்ளே இருக்கின்றீரோ என்று கேட்ட சுந்தரரின் வினாவையே அவர்களும் கேட்கின்றனர். இருக்கின்றோம் என்னும் விடை அவருக்கு நடக்கப் போதியதாயிற்று. அவர்களுக்கும் அதுவே போதியதாகின்றது.