பீன் பேக் வைத்திருக்கிறீர்களா?

திருப்பதியில் குடியிருந்தால் வீட்டுக்கு உறவு வந்துகொண்டேதான் இருக்கும். அலிபிரியில் 3,550 படி ஏறி, தரிசனம் முடித்து இறங்கி வருகிறவர்களின் பிள்ளைகள் விளையாட ஒரு அறையையே ஒதுக்கியிருக்கிறோம். அங்கே ஒரு பீன் பேக் கிடந்தது.

போன மாதம் தங்கை மகன், மூன்று வயசு, அதன் ஜிப்பைத் திறந்துவிட்டான். தரையெல்லாம் வெள்ளை வெள்ளையாய்த் தெர்மாகோல் மணிகள். உதட்டில் இரண்டு ஒட்டியிருந்தன. எனக்குக் கை நடுங்கிவிட்டது. மூச்சுக்குழாய்க்குள் போனால் எக்ஸ்ரேயில்கூட எளிதில் தெரியாது. அமெரிக்காவில் இப்படி ஜிப்பைத் திறந்து உள்ளே போன இரண்டு குழந்தைகள் மூச்சடைத்து இறந்தார்கள். 2014இல் ஒரு நிறுவனம் 22 லட்சம் பீன் பேக்குகளைத் திரும்பப் பெற்றது.

இப்போது அந்த அறையில் பீன் பேக்குக்குப் பதில் இலவம்பஞ்சுத் திண்டு நான்கு. கனமே இல்லை, பிள்ளைகளே இழுத்துப் போட்டுக்கொள்கிறார்கள். சித்திரை வெயிலில் ரெக்சின் போலத் தொடையில் ஒட்டாது. ஆனால் பஞ்சு நனைந்தால் கட்டி தட்டும். அதனால் உள்ளுறையை நான்கு பக்கமும் தைத்து மூடச் சொன்னேன். மேலுறை தலையணை உறை மாதிரி, கழற்றித் துவைக்கலாம். ஜிப், நாடா, பொத்தான் எதுவும் கிடையாது. காளஹஸ்தி கலம்காரியில் உறை போட ஆசைதான். கையால் வரைந்த துணியை வாராவாரம் துவைக்க மனசு வரவில்லை.

கைக்குழந்தையை மட்டும் திண்டில் தூங்க வைப்பதில்லை, முகம் புதைந்துவிடும்.

உங்கள் வீட்டில் பீன் பேக் இருந்தால், இன்றைக்கே அதன் ஜிப்பைப் பாருங்கள். பிள்ளை கையால் திறக்க முடிந்தால், தயவுசெய்து அப்புறப்படுத்திவிடுங்கள்.