பக்கத்தில் உட்கார்ந்த பையன்

நாவலில் ஒரு பொருள் வந்துவிட்டால் போதும், "இது எதைக் குறிக்கிறது?" என்று கேட்பது வகுப்பறைகளில் வழக்கமாகிவிட்டது. குடை வந்தால் பாதுகாப்பு. ஜன்னல் வந்தால் விடுதலை. ரயில் வந்தால் பிரிவு. ஐந்து மதிப்பெண்ணுக்கு விடை கிடைத்துவிடுகிறது. அதற்குப் பிறகு அந்தக் குடையை யாரும் விரித்துப் பார்ப்பதில்லை.

ஒரு சிறுவனோ சிறுமியோ வளர்ந்து ஆளாகும் கதைகளுக்கு இந்த அவசரம் மிகவும் கெடுதல் செய்கிறது. சிறுவனுக்குக் குறியீடு என்று ஒன்று கிடையாது. அவனுக்குப் பம்பரம் பம்பரம்தான். அது வேறொன்றாகவும் தெரியத் தொடங்குகிற நாளில்தான் அவன் வளர்கிறான். அவனுக்கு முன்பே நாம் அர்த்தத்தைக் கண்டுபிடித்து உட்கார்ந்துகொண்டால், அவன் வளர்வதைப் பார்க்கும் பாக்கியம் நமக்கு இல்லை.

ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். நாவலின் மையக் கருத்தை இப்போது 'கருப்பொருள்' என்று பாடத்தில் சொல்லித்தருகிறார்கள். பழைய இலக்கணத்தில் கருப்பொருள் என்பது கருத்தே அல்ல. தொல்காப்பியர் அந்தப் பெயரில் வைத்தவை தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் முதலியவை. கண்ணால் காணலாம், கையால் தொடலாம், வாயால் உண்ணலாம். அவற்றுக்குள்ளேதான் உள்ளுறையாக அர்த்தம் தங்கும். முதலில் பொருள், பிறகுதான் பொருளுக்குப் பொருள்.

காஞ்சிபுரத்தை ஒட்டிய ஏனாத்தூரில் ஒரு கல்லூரி வகுப்பில் இவ்வகை நாவல்களைப் பற்றிப் பேசும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அசோகமித்திரனின் 'பதினெட்டாவது அட்சக்கோடு' நாவலை எடுத்துக்கொண்டோம். 1977-இல் வெளிவந்தது. சிகந்தராபாத்தில் ரயில்வே ஊழியரின் மகனாக வளரும் சந்திரசேகரன், கிரிக்கெட் பைத்தியம். நிஜாமின் ஐதராபாத் சமஸ்தானம் 1948 செப்டம்பரில் இந்திய யூனியனோடு சேர்ந்த கொந்தளிப்பான காலம், அவன் கல்லூரிக் காலமும்கூட.

"கோடு என்றால் பிரிவினை" என்று முதல் பெஞ்சிலிருந்து விடை வந்தது. யாரோ எழுதிய குறிப்பிலிருந்து வந்திருக்க வேண்டும்.

"சந்திரசேகரன் அந்தக் கோட்டைப் பார்த்தானா?" என்றேன்.

"அது மேப்புலதானே சார் இருக்கு?"

"அவன் கண்ணால் பார்த்த கோடு ஒன்று சொல்லுங்கள்."

பின்வரிசையில் ஒருவன், "கிரிக்கெட் பவுண்டரி சார். அதைத் தாண்டினா நாலு ரன்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவன் சொன்னதைவிட நல்ல விடை எனக்குத் தெரியாது. கோட்டைத் தாண்டினால் ரன் கிடைக்கும் என்று நம்புகிற வயது அது. நாவலின் முடிவில், கலவரத்தின் நடுவே அவன் ஒரு வீட்டுக்குள் நுழைந்துவிடுகிறான். அங்கே பயந்து ஒடுங்கியிருக்கும் குடும்பத்தைக் காப்பாற்ற ஓர் இளம்பெண் தன்னையே அவனிடம் ஒப்புக்கொடுக்க வருகிறாள். அவன் ஓடிப்போகிறான். தான் கோட்டுக்கு எந்தப் பக்கம் என்று அவனுக்குச் சொன்னது தேசப்படம் அல்ல. அந்தப் பெண்ணின் பயம். வகுப்பில் இப்போது சிரிப்பு இல்லை.

இவ்வகை நாவல்களுக்கு முன்மாதிரியாக ஜெர்மானியக் கவிஞர் கதே 1795, 1796-இல் வெளியிட்ட நாவலைச் சொல்வார்கள். அதன் தலைப்பில் ஒரு சொல் வருகிறது. தொழில் பழகும் பையன் ஆசானிடம் கழிக்கும் ஆண்டுகளுக்கு அங்கே அந்தப் பெயர். "அப்படியானால் காஞ்சிபுரத்துக்கும் இது பழைய சங்கதி. வளர்வதற்கு உங்கள் ஊரில் ஒரு குறியீடு சொல்லுங்கள், பார்ப்போம்" என்றேன்.

"கோர்வைச் சேலை" என்றான் ஒரு மாணவன். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். இரண்டும் இழைக்கு இழை கோத்துக்கொள்வதால் அது வேற்றுமையில் ஒற்றுமையைக் குறிக்கிறதாம். விடை அழகாகத்தான் இருந்தது.

ஜன்னலோரம் இருந்த ஒரு பெண் எழுந்தாள். "ஒற்றுமைன்னு சேலையைப் பாக்கறவங்க சொல்லலாம் சார். கோர்வைக்கு மூணு நாடா. உடலுக்கு ஒண்ணு, கரைக்கு ஒவ்வொண்ணு. நெய்யறவருக்கு ரெண்டு கைதானே? ஒரு பக்கத்துக் கரைக்கு நாடா தள்ளறதுக்குப் பக்கத்துல ஒரு பையன் உட்காருவான். எங்கப்பா எட்டு வயசுல அப்படி உட்கார்ந்தவர். எனக்குக் கோர்வைன்னா அந்தப் பையன்தான்."

நான் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-இல் வந்தது. ஆனால் வீட்டுக்குள்ளேயே குடும்பத்தாரோடு செய்யும் தொழிலுக்கு அந்தச் சட்டம் விலக்கு அளித்திருந்தது. தறியோ வீட்டுக்குள்ளேதான் இருந்தது. ஆகவே சட்டம் வாசலிலேயே நின்றுவிட்டது. கதே எழுதிய பையன் ஊர் ஊராகச் சுற்றி, நாடகம் ஆடி, காதலித்து வளர்ந்தான். தறியோரத்துப் பையன் நகராமலே வளர்ந்தான். அவனுடைய நாவலை யார் எழுதுவது?

குறியீடு என்பது தவறான காரியம் அல்ல. ஒற்றுமை என்று சொன்ன மாணவனும் தவறு செய்யவில்லை. ஆனால் நாம் சீக்கிரமாகச் சொல்லிவிடும் அர்த்தம், பல சமயங்களில் ஒரு மனிதனை மறைத்துக்கொண்டு நிற்கிறது. பொருளைச் செய்தது யார், தொட்டது யார், அதனால் தேய்ந்தது யார் என்று விசாரித்துவிட்டு அர்த்தத்துக்கு வந்தால், அந்த அர்த்தம் கனமாக இருக்கும். அந்தப் பெண் சொன்ன விடைக்குத் தேர்வில் எத்தனை மதிப்பெண் போடுவார்களோ, நான் அறியேன். ஆனால் தகப்பனாரின் எட்டு வயதைத் தன் பத்தொன்பது வயதில் அவள் எண்ணிப் பார்த்திருக்கிறாள். வளர்வது என்று நாவலாசிரியர்கள் சொல்லிக்கொண்டிருப்பது அதைத்தான்.